சிரிக்காமல் எடுத்த படம்

ஆட்டையாம்பட்டி மணியனின் முகத்தைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இருக்க மாட்டார்கள். பெயரைக் கேட்டால்தான் ஒருவருக்கும் தெரியாது. பெண்ணின் அப்பாவாக வந்து கைகூப்பி அழுதவர், நீதிபதியாக வந்து தீர்ப்பைப் பாதி வாசித்தவர், ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டியவர், எல்லாம் இவர்தான். சினிமா, சீரியல் என்று முப்பது வருடத்துக்கு மேல் இதே பிழைப்பு. மூன்று வரிக்கு மேல் வசனம் கொடுத்ததில்லை. கொடுத்த மூன்று வரியை அவர் வீணாக்கியதும் இல்லை.

சேலம் பஸ்ஸில் ஒருமுறை ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "நீங்க எங்க பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தானுங்களே?" என்றார். மணியன் கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமா சாமி, இப்ப நல்லா இருக்கறயா?" என்று கேட்டார். அந்த ஆள் கண் கலங்கி, சம்சாரம் பிள்ளைகள் கதையெல்லாம் சொல்லி, காலைத் தொட்டுக் கும்பிட்டு இறங்கிப் போனார். வீட்டில் இதைக் கேட்ட அவர் மனைவி மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "பொய் சொல்லலாமுங்களா?" என்றாள். "நான் எங்க புள்ள பொய் சொன்னேன், அவருக்கு ஒரு ஹெட்மாஸ்டர் வேண்டியிருந்துது" என்றார் மணியன். அவர் அப்படித்தான். எங்கே நடிப்பு முடிகிறது, எங்கே மணியன் ஆரம்பிக்கிறார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது.

பெரியப்பாவின் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர்தான். மாரியம்மன் பண்டிகை நாடகத்தில் மந்திரி வேஷம் கட்ட வேண்டிய ஆள் வராமல் போக, உயரம் சரியாக இருக்கிறது என்று இவரைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். அன்றைக்குத் தாடி ஒட்டிய பசை இன்னும் போகவில்லை என்பாள் மாரக்காள். அதன் பிறகு ஏற்காடு அடிவாரத்தில் படப்பிடிப்பு நடந்தபோது கூட்டத்தில் ஒருவராக நின்றார். அங்கிருந்து சென்னை. அழைப்பு வந்தால் சூரமங்கலம் போய் ஜங்ஷனில் ரயில் ஏறுவார், வேலை முடிந்தால் திரும்பிவிடுவார். ரயிலில் நீதிபதியாகத் தூங்கி நெசவாளியாக விழிப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே மதியம் கண்ணயர்ந்தால், கனவில் யாரோ ஒரு பெண் மணக்கோலத்தில் வந்து அவர் காலில் விழுவாள். திரையில் எத்தனையோ பெண்களைத் தாரை வார்த்துக் கொடுத்தவருக்குச் சொந்தத்தில் பிள்ளை இல்லை. இந்தக் குறையை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசாததால் அது எங்கேயும் போய்விடவும் இல்லை.

மணியனிடம் இருந்த பெரிய திறமை சாவது. பாடையில் படுத்தால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். மூச்சை அடிவயிற்றுக்குள் ஒளித்து வைத்துவிடுவார். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்த மாதிரி நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். அப்போதுதான் அந்தச் சாவு ஆளை ஒட்டாது. அவர் சாகிற நாளெல்லாம் மாரக்காள் இங்கே பட்டினி கிடப்பாள். ராத்திரி போனில் முதல் கேள்வி, "சிரிச்சீங்களா?" என்பதுதான். "சிரிச்சேன் புள்ள" என்ற பிறகுதான் தட்டெடுத்து வைப்பாள்.

போன மாசி மாதம் மணியனுக்கு நெஞ்சு அடைத்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, பைபாஸ் செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமை வந்து சேருங்கள் என்றார்கள். அந்த வாரம் பார்த்து அவருடைய சகலை ஜீவானந்தம், மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வெண்ணந்தூர்ப் பக்கம் சுற்றிவிட்டு வந்தார். வந்தவர் காபியைக்கூடத் தொடவில்லை. அங்கே ஒரு தறிக்கார வீட்டுச் சுவரில் மணியனின் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது, சந்தன மாலை போட்டுப் பொட்டு வைத்து, முன்னால் விளக்கு எரிகிறது என்றார்.

மணியனுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. நாலைந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த ஒரு படத்தில் கதாநாயகனின் செத்துப்போன அப்பா வேஷம். ஒரு காட்சியில்கூட வர வேண்டாம், சுவரில் தொங்கினால் போதும். "சிரிக்காதீங்க சார், போய்ச் சேர்ந்துட்டீங்க" என்று சொல்லித்தான் போட்டோ எடுத்தார்கள். வெண்ணந்தூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் படப்பிடிப்பு நடந்தது. கடைசி நாள் பூசணிக்காய் உடைக்கும் முன்பே படம் நின்றுபோய், ஆட்கள் அள்ளிக் கட்டிக்கொண்டு போனார்கள். சுவரில் இருந்த மணியனை யாரும் கழற்றவில்லை. அது வெறும் போட்டோதானே என்று அன்றைக்கு அவரைச் சிரிக்கச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

"உசுரோட இருக்கற மனுசனுக்கு மாலையப் போட்டு வெளக்கு வெச்சா நெஞ்சு அடைக்காம என்னங்க பண்ணும்?" என்றாள் மாரக்காள். "அந்தப் படம் இந்த ஊட்டுக்கு வந்தாத்தான் நான் ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிப்பேன்." அவள் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் மணியன் வெண்ணந்தூருக்கு பஸ் ஏறினார். வழி முழுக்க வசனத்தை ஒத்திகை பார்த்தார். 'அம்மா, அந்தப் படத்துல இருக்கறது நான். எனக்கு ஒடம்பு சரியில்ல. படத்தைக் குடுத்துருங்க.' சரியாக மூன்று வரி.

மத்தியான வெயிலில் தெருவே தறிச் சத்தத்தில் மிதந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். கையில் நூல் சுற்றிய தார் இருந்தது. அவரைப் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். கத்தவில்லை, ஓடவில்லை. உள்ளே போய்த் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். சத்தம் அடங்கியதும் அந்த வீடு தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆகிவிட்டது.

"உள்ள வாங்க" என்றாள். அவள் பெயர் வெண்ணிலா.

சுவரில் மணியன் இருந்தார். இவரைவிட அந்த மணியன் கொஞ்சம் இளையவர், கொஞ்சம் கம்பீரமானவர். கண்ணாடியில் பொட்டு, கீழே மாடத்தில் ஓர் அகல் விளக்கு. இந்த வீட்டில் வெகு காலம் வாழ்ந்து, இந்தத் தூணில் சாய்ந்து, இந்த முற்றத்தில் கை கழுவிய ஆளைப்போல அவர் அங்கே இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தபோது தனக்கும் அந்த முற்றம் ஞாபகம் இருப்பதுபோல மணியனுக்குப் பட்டது.

"எங்கப்பா ரிக் வண்டிக்குப் போனவருங்க" என்று அவளே ஆரம்பித்தாள். "ஊரூராப் போர் போடற வேலை. எனக்கு மூணு வயசா இருக்கறப்ப வடக்க எங்கியோ காச்சல்ல போய்ட்டாரு. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. ஒரு போட்டோ இல்லீங்க. மொகம் எனக்கு ஞாபகமில்லீங்க. சினிமாக்காரங்க போனப்புறம் இதைக் கழட்டலாம்னுதான் ஸ்டூல் போட்டு ஏறினேன். கிட்டப் போய்ப் பாத்தனுங்க. மாலை போட்ட மனுசனை எப்படித் தூக்கி மூலைல வெக்கறது? எறங்கிட்டேன். அந்த அமாவாசைக்கு வெளக்கு வெச்சேன்."

"நான் யாருன்னு தெரியுமா சாமி?"

"தெரியாம என்னங்க. டிவில பாக்கறேன். டிவில வரப்ப அது நீங்க. இங்க இருக்கறது எங்கப்பா."

மூன்று வரியும் மணியனுக்கு மறந்துபோனது. முப்பது வருடத்தில் அவர் வசனம் மறந்தது அன்றைக்குத்தான். அவள் இலை போட்டாள். டாக்டர் தொடவே கூடாதென்று சொன்ன நெய்யைச் சோற்றில் குழிபறித்து ஊற்றினாள். அவர் அதைப் பிசைந்து சாப்பிட்டார். அந்தச் சோற்றை வேண்டாமென்று சொல்ல அவரால் முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவருக்கு, அதே அளவுக்குத் துக்கமாகவும் இருந்தது.

வாசலில் செருப்பைப் போடும்போது வெண்ணிலா கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்க. என் பேரச் சொல்லி ஒருக்காக் கூப்புடறீங்களா?"

சொல்லிக்கொடுக்க இயக்குநர் இல்லை. அந்த ஆள் ரிக் வண்டி ஏறின அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார் என்று மணியன் நினைத்துப் பார்த்தார். "வெண்ணிலா" என்றார். "போய்ட்டு வாரேன் சாமி."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திரும்பிப் பார்த்திருந்தால் காட்சி கெட்டுப்போயிருக்கும்.

மணியன் வெறுங்கையோடு வீடு திரும்பினார். நடந்ததை மாரக்காளிடம் விடாமல் சொன்னார். அவள் கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. விடிந்ததும் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு, எங்கே என்று சொல்லாமலே கிளம்பினாள். எங்கே என்று அவருக்குத் தெரியும். வெண்ணந்தூரில் இப்போது என்ன நடக்கும் என்பதைப் பல விதமாக நடித்துப் பார்த்தபடி கட்டிலில் படுத்துக் கிடந்தார். எல்லா விதத்திலும் அந்தச் சுவர் கடைசியில் வெறுமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவள் வந்து பையிலிருந்து சந்தன மாலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பையில் வேறொன்றும் இல்லை.

"படம்?"

"அங்கதான் இருக்குது. ஆபரேசன்னு சொன்னதும் அந்தப் புள்ளயே ஸ்டூல் போட்டு ஏறி மாலையக் கழட்டிருச்சு. பொட்டை முந்தானைலயே தொடச்சுருச்சு. வெளக்கையும் எடுக்கப் போச்சு. நாந்தான் இருக்கட்டும்னேன்."

"ஏம்புள்ள?"

"செத்தவருக்கு வெக்கறது வேற. நல்லா ஆகி வரோணும்னு வெக்கறது வேறங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எண்ணெ கொறஞ்சிருந்துச்சு. ஊத்திட்டு வந்தேன்."

வெள்ளிக்கிழமை அவளே முதலில் ஆஸ்பத்திரிப் படியேறினாள். அறுவை செய்யப்போகும் டாக்டரை நடையில் நிறுத்தி, "வெளிய வர்றப்ப கண்ணாடிய மட்டும் கழட்டாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சரி என்றார்.

அசையாமல் படுக்க மணியனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஊசி ஏறியதும் தூரத்தில் தறி ஓடத் தொடங்கியது. அவர் சுவரில் உயரமான இடத்திலிருந்து ஒரு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் நகர்ந்து தூண்வரை வந்தது. ஒரு சின்னப் பெண் முற்றத்தைக் கடந்து போனாள், வரும்போது பெரிய பெண்ணாக வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி அவர் கழுத்திலிருந்து ஏதோ பாரத்தை எடுத்தாள். கீழே சுடர் ஆடியது. இந்தக் காட்சியை முடித்துவைக்க யாராவது குரல் கொடுப்பார்கள் என்று அவர் காத்திருந்தார். ஒருவரும் கொடுக்கவில்லை. காத்திருப்பது இதமாக இருந்தது, அப்படியே இருந்துவிடலாம் போலவும் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது பச்சை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு மாரக்காள் குனிந்து நின்றாள். எந்தப் படத்தின் வேஷம் இது என்று அவர் ஒரு கணம் யோசித்தார். அவள் கண்ணைப் பார்த்ததும் எந்தப் படமும் இல்லை என்று தெரிந்தது.

"ஏனுங்க" என்றாள். "சிரிங்க."

மூக்கில் குழாய், உதடு காய்ந்து ஒட்டிக்கிடந்தது, நெஞ்சு இரண்டாகப் பிளந்ததுபோல வலித்தது. முப்பது வருடத் தொழிலையும் திரட்டி மணியன் ஒரு பக்கமாகச் சிரித்தார். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்திருக்காது. மாரக்காள் அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். நர்ஸ் போதும் என்று சொல்ல, போனை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். கதவு மூடுவதற்குள் அவள் பேசுவது அவர் காதில் விழுந்தது.

"வெண்ணிலாவா? நாந்தான் சாமி. உங்கப்பா சிரிச்சுட்டாரு."