நம்பர் கேட்கும் சிஸ்டர்

“நம்பர் சொல்லுங்க அண்ணே” என்று கேட்டபடியே, நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார் சிஸ்டர். எந்த வீட்டிலும் அவர் நின்றுகொண்டு பேசுவதில்லை. “நின்னு பேசுனா, அடுத்த வீட்டுக்கு ஓடப்போறவன்னு தெரிஞ்சிடும். அப்புறம் யாரு மனசைத் திறப்பாங்க?” வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. அவர் கேட்கும் நம்பர் அதுதான்.

சிஸ்டருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் சார்பில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளின் வலி, வாய்ப்புண், வாந்தி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் வழி செய்கிறார். அதற்கு முன்பு இருபது வருடம் ஆபரேஷன் தியேட்டர். “அங்க எல்லாரும் மயக்கத்துல கிடப்பாங்க. பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது. எனக்குச் சரிப்படலை.”

பையில் மாத்திரை, பஞ்சு, கையுறையோடு, நோயாளிக்குத் தலைவாரிக் காட்ட ஒரு சீப்பும் கண்ணாடியும் உண்டு. கதவுக்கு வெளியே கேட்கும் குரலில் “இன்னிக்கு வெளிக்குப் போனீங்களா?” என்பார். முதல் வாரம் கூனிக் குறுகுகிறவர்கள், மூன்றாம் வாரம் பரீட்சையில் பாஸான மாதிரி தாங்களாகவே அறிவிக்கிறார்கள்.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் முதல் முறை கூடப் போன அன்று கட்டிலில் இருந்தவர், முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. மனைவி பக்கத்திலேயே நின்றார்.

“ரெண்டு” என்றார் டிரைவர்.

“ரெண்டுன்னா கை எதுக்குப் பெட்ஷீட்டை இந்தப் பிழி பிழியுது?” என்ற சிஸ்டர், “அண்ணி, கொஞ்சம் வெந்நீர் வேணுமே” என்று அந்த அம்மாளை அடுக்களைக்கு அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டார்.

“எட்டு” என்றார் டிரைவர். “அவகிட்ட சொல்லிடாதீங்க. நோய் முத்திப்போச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவா.”

வெந்நீர் வாங்கச் சிஸ்டர் அடுக்களைக்குப் போனார். அங்கே அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “டாக்டர் என்கிட்ட எல்லாம் சொல்லிட்டார் சிஸ்டர். இவருக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டார்.”

சிஸ்டர் அவரைக் கையோடு அழைத்து வந்து கட்டிலில் கணவர் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“வீடு இருக்கிறதே ரெண்டு ரூம். அதுல ஆளுக்கொரு மூலையில ஒரே ரகசியத்தை ஒளிச்சு வச்சுக்கிட்டிருக்கீங்க. போதும், பேசுங்க.”

அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “நிஜமான நம்பர் என்ன?” என்று மட்டும் கேட்டார். “எட்டு” என்றார் அவர். இருவரும் அழுதார்கள். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. அழுது ஓய்ந்த பின்தான், டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரையை எடுத்தார்.

டிரைவர் மிரண்டார். “இது கடைசி மருந்துன்னு சொல்றாங்களே?”

“யாரு சொன்னது? இதைச் சாப்பிட்டுட்டு மூணு வருஷமா என்னோட மல்லுக்கட்டுறவங்க இருக்காங்க. வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க, நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. டயத்துக்கு வண்டி எடுத்தவர்தானே நீங்க? மலச்சிக்கல் வரும், அதுக்கும் மாத்திரை இருக்கு. வெக்கப்படாம கேளுங்க.”

அடுத்த வாரம் நாங்கள் மறுபடி போனபோது டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகும் பஸ்களைத் திட்டிக்கொண்டிருந்தார். “பிரேக்கை மிதிக்கிறான் பாரு, கரப்பான்பூச்சியை மிதிக்கிற மாதிரி!”

“காலையிலேர்ந்து இதே கூத்துதான் சிஸ்டர். எனக்கும் ரெண்டு திட்டு விழுந்துச்சு” என்றார் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

“நம்பர்?”

“மூணு. நிஜமான மூணு.” சற்றுத் தயங்கி, “இன்னும் எத்தனை நாள் சிஸ்டர்?” என்றார்.

“தெரியாது அண்ணே. தெரிஞ்சா மறைக்க மாட்டேன். இருக்கிற நாள்ல வலியை மட்டும் உங்களை ஆள விட மாட்டேன். அது என் பொறுப்பு.”

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போன ஒரு பஸ்ஸைத் தெருமுனை வரை பார்த்தார். பிறகு மனைவியிடம், “சாயங்காலம் கீழ இறங்கி, அந்த முக்கு வரைக்கும் போயிட்டு வருவோமா?” என்றார். அந்த அம்மாள் அப்போதே செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் வெளியே வந்தோம். தூறல் பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டில் புது நோயாளி, ஒரு பள்ளிக்கூட டீச்சர். நான் காலிங்பெல்லை அழுத்தப் போனேன். சிஸ்டர் என்னைத் தடுத்து, நனைந்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கைகள் இரண்டையும் சூடேறும் வரை பரபரவென்று தேய்த்தார். “முதல் தடவை தொடுற கை ஜில்லுன்னு இருக்கக் கூடாது” என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.