ஃபேனை நிறுத்திய செயலாளர்

விழிஞ்ஞத்தில் படகு உரிமையாளர்கள் சங்கம் ஒரு பாதுகாப்புக் கூட்டம் போட்டது. லைஃப் ஜாக்கெட் விற்கும் கம்பெனியின் ஆளாக நானும் போயிருந்தேன். வாசலில் வரவேற்ற சங்கச் செயலாளர் குட்டையான மனிதர். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். பட்டைகளை எல்லாம் இறுக்கி மாட்டியிருந்தார். பேச எழுந்ததும் முதல் வேலையாகத் தன் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை நிறுத்தினார்.

கூட்டம் முடியும்வரை ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. எப்போது கழற்றுவார் என்று உறுப்பினர்கள் டீக்குப் பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

"எதுக்கு சார் இவ்வளவு சிரமம்?" என்று கேட்டேன்.

"புழுங்குதுன்னு சொல்லி ஒருத்தனும் கடல்ல இதைப் போடமாட்டான் தம்பி. போன மழையில ஒருத்தன் கடல்ல விழுந்து செத்துப் போயிட்டான். ஜாக்கெட்டைத் தலையணையா வச்சிருந்தான், கேட்டோ. புழுக்கத்துல யாரும் சாகமாட்டாங்கன்னு நான் காட்டாண்டாமா?"

கூட்டம் கலைந்ததும் ஜாக்கெட்டோடேயே ஸ்கூட்டரில் ஏறினார். ஹெல்மெட் முன்னால் கொக்கியில் தொங்கியது.

"அண்ணே, ஹெல்மெட்!" என்று உறுப்பினர் ஒருவர் கத்தினார்.

"போடே, அதுக்குள்ள பயங்கரப் புழுக்கமாக்கும்!" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாரா, இல்லை, உண்மையைத்தான் சொன்னாரா? கரமனையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.