கெட்டில் மேல் நின்ற ஷட்டில்கள்

என் மனைவி கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். அந்தப் பொறுமையில் கொஞ்சம் வீட்டுக்கும் வரும் என்று நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அது மொத்தமும் பேட்மிண்டன் ஷட்டில்காக்குக்குப் போய்விட்டது.

மேட்சுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் சமையலறை ஆஸ்பத்திரி ஆகிவிடும். ஷட்டில் டப்பாவின் இரண்டு மூடிகளையும் திறந்து, கெட்டிலிலிருந்து வரும் ஆவியில் காட்டிப் பத்து எண்ணுவாள். பதினொன்று கிடையாது. இறகில் லேசாக ஈரம் ஏறினால் சட்டென்று உடையாது. ஆனால் அடியில் இருக்கும் தக்கை நனையவே கூடாது. கலைந்த இறகுகளை விரல் நுனியால் நீவி ஒழுங்குபடுத்துவாள். மற்ற கிளப்புகளில் நாலு ஷட்டில் தீரும் நேரத்துக்கு எங்களுக்கு ஒன்று போதும். அதனால் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர்.

டாக்டரம்மாவுக்கோ ஆடத்தான் ஆசை. ஒரே ஒரு மேட்ச். பதினோரு வருஷமாகக் கேட்கிறாள். கேப்டன் என் அக்கா. அவளிடம் என் சிபாரிசு செல்லாது.

"நீ அடிக்கிறது பாதி கோர்ட்டுகூடப் போகல. ஷட்டிலைப் பாத்துக்கோ, போதும்" என்பாள். அதில் பொய்யே இல்லை என்பதுதான் கொடுமை. என் மனைவி அடித்த ஷட்டில், வலையைத் தாண்டியதே பெரிய விஷயம் என்று அங்கேயே படுத்துவிடும்.

இந்த முறை பக்கத்துத் தெரு கிளப்போடு பெண்கள் இரட்டையர் ஆட்டம். முந்தின சாயங்காலம் கடையில் வேலை நீண்டதால் அவள் ஆவி காட்டவில்லை. காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் எனக்கு நல்ல புத்தி வந்து தொலைத்தது. நாமும் உதவலாமே! டப்பாவைக் கெட்டில் மேல் நிறுத்திவிட்டு ஷேவ் பண்ணப் போனேன். எண்ணத்தான் செய்தேன், நடுவில் மீசை கோணலாகிவிட்டது. திரும்பி வந்தால் தக்கைகள் ஊறிப்போயிருந்தன. துண்டால் துடைத்து டப்பாவை மூடினேன், வாயையும் மூடிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. கனத்துப்போன ஷட்டில் நிற்காமல் பறந்தது. அக்கா அடித்தது வெளியே, எதிராளி அடித்ததும் வெளியே. நாலு பேரும் கோர்ட்டைத் தவிர எல்லா இடத்திலும் போட்டார்கள். ஒன்றைத் துரத்திப் போன அக்காவின் ஜோடிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பெஞ்சில் மிச்சம் இருந்தது டாக்டரம்மா மட்டும்.

இறங்கினாள், அடித்தாள். கடைசிக் கோட்டுக்குள் அச்சாக விழுந்தது! அடுத்ததும் அப்படியே. எதிராளிகள் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவர் எதிர் கிளப்பின் தலைவராம்.

கடைசி கேமில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அவள் ஷட்டிலைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னங்க, இதை என்ன பண்ணீங்க?"

உளறிக்கொட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் நல்லா ஆடலயா?"

அவள் நேராக வலைக்குப் போய் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னாள். எதிராளிகளும் சரி என்றதால், தானே புது டப்பாவை உடைத்தாள்.

"நீ எதுக்குடி வாயத் திறந்தே?" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

ஆட்டம் தொடர்ந்தது. என் மனைவி அடித்தாள். ஷட்டில் பழையபடி வலையைத் தாண்டிப் பொத்தென்று விழுந்தது. எதிராளிகள் பின்னாலிருந்து ஓடி வந்தார்கள், எட்டவில்லை. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் பொத்து. ஒருத்தி ஓடிவந்த வேகத்தில் வலையில் மாட்டிக்கொண்டாள்.

இருபத்தொன்று!

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவளோ ராக்கெட்டைக் கீழே வைக்கவே இல்லை.

"அண்ணி, அடுத்த மேட்ச் எப்போ?"

அக்கா டீம் நோட்டைத் திறந்து அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.