அம்மை வராத வீட்டு வேப்பிலை

எங்கள் ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தெருவே போய்ப் பார்த்துவிட்டு வரும். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம், இல்லாவிட்டால் இரண்டு சாத்துக்குடி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டு, "அம்புட்டுக் கொதிக்குதே" என்று சொல்லி, அங்கேயே ஒரு காப்பியும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். போகாமல் இருந்துவிட்டால் போச்சு. "சாகக் கிடந்தேன், எட்டிப் பார்த்தியா?" என்ற கேள்வி அடுத்த கல்யாணம் வரை துரத்தும். ஐம்பதுகளின் கடைசியில் ஃப்ளூ காய்ச்சல் திண்டுக்கல்லுக்கு வந்தபோது இந்த நல்ல பழக்கத்தோடு சேர்ந்துதான் வீடு வீடாகப் போனது.

நகராட்சிக்காரர்கள் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, கூட்டம் கூடாதீர்கள், காய்ச்சல்காரரைத் தனியாகப் படுக்க வையுங்கள் என்று சொன்னார்கள். அதைக் கேட்கவே தெரு முனையில் ஒரு கூட்டம் கூடியது.

எனக்கு அப்போது கைக்குழந்தை. பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. அதற்கு முந்தைய பிள்ளை, ஆண் பிள்ளை, இதே வயதில் நெஞ்சுச்சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். அவனைப் பார்க்க வந்தவர்களில் யாரோ இருமிக்கொண்டே கொஞ்சினார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் தெருவில் இருமுகிற எல்லாரையும் நான் வெறுத்தேன். இந்தப் பெண்ணையும் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார எனக்குத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் படுத்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு அதே கையோடு என் பிள்ளையையும் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஜனம் கேள்வி கேட்காமல் திரும்பிப் போகிற வாசல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அம்மை போட்ட வீட்டு வாசல். மறுநாள் காலையில் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். வெளியே வந்து வேப்பிலையைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சாமி விசயத்துல விளையாடாத. நாளைக்கு நெசமாவே வந்துட்டா?"

"வந்தா சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க உள்ள வாங்க," என்றேன்.

பட்டறையில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். வீட்டில் அம்மை என்று கேள்விப்பட்டதும், நீ இப்போது வரவேண்டாம் என்று இவருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

பொய் சொல்வது சுலபம், அதற்குச் சமைத்துப் போடுவதுதான் கஷ்டம். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற வாசனை ஒரு தடவை வெளியே போனால் என் குட்டு உடைந்துவிடும். கஞ்சியும் தாளிக்காத பருப்புமாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, "இதுக்கு அம்மையே வந்திருக்கலாம்" என்று அவர் புலம்பினார்.

இந்த நேரத்தில்தான் மதினி வந்தார். அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் கடலை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் அவ்வளவாக ஒட்டாது. நான் வைக்கிற குழம்பில் அவர் குறை சொல்லாத நாள் கிடையாது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், பெற்றவளுக்குச் சாறு வைக்க ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டு ஓரமாக நின்றார். வேப்பிலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கோழியோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே திரும்பி நடந்துவிட்டார்.

கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. அவர் தெரு முனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெற்ற அம்மா இல்லாத எனக்குக் கோழி கொண்டுவர அந்த ஒரு மனுஷிதான் இருந்தார்.

யாரோ நகராட்சியில் சொல்லி, ஒருநாள் அம்மை குத்துகிறவர் பையோடு வந்து நின்றார். சுகாதார இலாகாக்காரருக்கு வேப்பிலை ஒரு தடையா? உள்ளே வந்து பிள்ளையைத் துணி விலக்கிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை.

"எங்கம்மா அம்மை?"

உண்மையைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தத் தெருவுல நான் வந்தா எல்லாரும் கொல்லைப் பக்கமா ஓடுவாக. இன்னைக்கு உங்க வேப்பிலையப் பாத்து வரிசையில நிக்கிறாக. அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

"இந்தக் காய்ச்சலுக்கு ஊசி கிடையாதா?" என்று கேட்டேன்.

"சீமையில இருக்குங்கிறாக. இங்க வரல. ஒதுங்கி இருக்கிறதுதான் ஊசி," என்றார்.

எங்கள் மூவருக்கும் அம்மை குத்திவிட்டு, தெரு முழுக்கக் குத்திவிட்டுப் போனார். காய்ச்சல் ஊரை விட்டு அடங்கிய பிறகு, ஊரறியத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை அவிழ்த்தேன். அன்றைக்கு நான் தாளித்த ரசத்தின் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மாசியில் மலைக்கோட்டை அடிவாரத்து மாரியம்மனுக்குத் திருவிழா. மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு மதினி வந்து இறங்கினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பிள்ளைக்கு அம்மை இறங்கினால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருக்கிறாராம். வராத அம்மைக்கு அந்தக் கைகள் நெருப்பைச் சுமப்பதா? என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"சாமி பேரச் சொல்லி என்னிய வாசலோட திருப்பிட்டியா?" என்று மதினி எழுந்து நின்றார். நான் தலை நிமிரவில்லை. எவ்வளவு நேரமானாலும் திட்டட்டும் என்று நின்றேன். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் மதினி மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"பஸ்ஸுல வரும்போதே எனக்கு மேலு காந்துச்சு தாயி. வெயிலுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி அந்தக் கோழியத் தெறந்து விட்டுட்டுப் படுத்தவதான். ரொம்ப நாளு எந்திரிக்கல." பிள்ளை இருந்த பக்கம் பார்த்தார். "அந்த எலை மட்டும் இல்லேன்னா, வந்த வேகத்துல பிள்ளையத் தூக்கி முத்தியிருப்பேனே."

நான் மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்ப சட்டி எடுக்க வேணாம், மதினி," என்றேன்.

"ஏன்? வந்து எறங்கினாத்தான் எடுக்கணுமாக்கும்? வராம இருந்ததுக்கு யாரு எடுக்கிறது?"

வேப்பிலை கட்டியதைப் பொய் என்றுதான் இன்றும் சொல்வேன், தப்பு என்று சொல்ல மாட்டேன். வராமல் போன நோய் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றாது. மதினிக்குத் தோன்றியது. பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். மதினி முந்தானையால் முதலில் தன் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் முகத்தைத் தள்ளியே வைத்துக்கொண்டு, பிள்ளையின் உள்ளங்காலில் மட்டும் ஒரு முத்தம் கொடுத்தார்.