நான்காம் சக்கரத்தில் காற்று

அம்பத்தூர்ப் பட்டறைக்கு இன்றோடு மூன்று நாளாக அலைகிறேன். அப்பா விட்டுப்போன காரில் முன்சக்கரம் இரண்டுக்கும் பழைய டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டுகிறார்கள். மாட்டினால்தான் பேரனை அதில் ஏற்றுவேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை அமுக்க வேண்டுமே என்று எழுந்தேன்.

"நீ குந்து நைனா. அதுக்கு இப்ப மிஷினு கீது. ஒரே ஆளு போதும்" என்றார் மெக்கானிக்.

அன்று எங்களுக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது.

அப்போது சேக்காட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. திருநின்றவூர் ஏரிக்கரையில் பிரேக் பிடிக்காமல் கார் சரிவில் இறங்கிச் சேற்றில் நின்றது. பிரேக் சரியில்லை என்று கிளம்பும்போதே அம்மா சொல்லியிருந்தாள், அப்பா சிரித்திருந்தார். அதன்பின் அவள் அவரோடு பேசவில்லை. பத்தொன்பது நாள். எண்ணினேன்.

இருபதாம் நாள் ஞாயிறு. அப்பா நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ரப்பர் மாற்றி முடித்தார். பெடல் எனக்கு எட்டவில்லை. அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வாய் திறக்காமல் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

சக்கரத்தடியில் படுத்தபடி அப்பா "அமுக்கு" என்பார். காற்றை வெளிவிடும் திருகைத் திறப்பார், டியூப் வழியே பாட்டிலில் எண்ணெய் குமிழிட்டு இறங்கும். மூடிவிட்டு "விடு" என்பார். குமிழி நின்றால் காற்று போய்விட்டது என்று அர்த்தம்; அதைப் பார்ப்பது என் வேலை.

முதல் சக்கரத்துக்கு அம்மா "ம்" மட்டும் சொன்னாள். இரண்டாவதுக்கு "அமுக்கிட்டேன்."

மூன்றாவதில், "காலு நோவுது. இன்னும் எத்தினி தபா?"

"ஒரே தபா."

"அப்போலேர்ந்து இதையேதான் சொல்லிகினு கீறீங்க." குரலில் சிரிப்பு இருந்தது.

நான்காவது சக்கரத்தில் அப்பாவுக்கு அவசரமே இல்லை. அமுக்கு, விடு, மறுபடி அமுக்கு. மத்தியானம் என்ன குழம்பு என்று நடுவில் கேட்டார். அம்மா பதில் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, ஒம்பது தபாவா காத்தே வர்ல. நீ சும்மா அமுக்கச் சொல்றே."

பெடலிலிருந்து கால் எடுபட்டது. கார் கதவு சாத்தப்பட்டது. அம்மா உள்ளே போய்விட்டாள். இருபத்தொன்றாம் நாளும் பேசவில்லை.

அப்பா திருகை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் என்னைப் பார்த்தார். "கரெக்டா எண்ணிகிறேடா" என்றார்.

பாராட்டினார் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.