பெயர் தெரியாவிட்டாலும் எழுதலாம்

இருபது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். ஸ்டியரிங்கைத் தொட்டதுமே வியர்த்துக் கொட்டுகிறவர்களை ஒரு அதட்டல் போடாமல் சாலைக்குக் கொண்டுவருவதில் கைதேர்ந்தவள். தெருவுக்கே ‘டிரைவிங் அக்கா’.

சென்ற வருடம் கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில் முடங்க நேர்ந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தவளுக்குப் பொழுது போகவில்லை. பின்வாசலில் நாற்காலியைப் போட்டு, தோட்டத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் டைரியில் எழுதினாள். முதல் நாள் இரண்டு காக்கை, ஒரு அணில், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் எலுமிச்சை இலையில் பறவை எச்சம் என்று நினைத்தது மெல்ல நகர்ந்தது. அது வண்ணத்துப்பூச்சிப் புழு என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருடம் அதைத்தான் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டிருக்கிறாள்.

கால் சரியாகி வேலைக்குப் போன பிறகும் டைரியை விடவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாரையும் எழுதச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருக்கும் நாத்தனார் தயங்கினாள்.

“எனக்கு ஒரு பூச்சி பேரும் தெரியாது அண்ணி. தப்பா எழுதினா நாலு பேர் சிரிப்பாங்க.”

“பேரை யாரு கேட்டா? என்னைக்கு, எத்தனை மணிக்கு, எங்க பார்த்தே, என்ன கலர்? அதை எழுது. தெரியலைன்னா தெரியலைன்னே எழுது.”

தினமும் காலையில் நாத்தனார் வீட்டுக் குழாயடியில் பத்து நிமிடம் என்று முடிவாயிற்று. ஒன்பது நாள் தொடர்ந்து ‘இன்று ஒன்றும் இல்லை’ என்றே எழுதி நாத்தனாருக்கு அலுத்துவிட்டது. அதையும் தேதி போட்டு எழுதச் சொல்லி அண்ணி விடாப்பிடியாக நின்றாள்.

பத்தாம் நாள் குழாயடிச் சுவரின் ஓட்டைக்குள் ஏதோ ஒன்று, வட்டமாக வெட்டிய ரோஜா இலையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தது. முன்பும் அவள் ரோஜாச் செடியின் இலைகளை இப்படிக் கத்தரித்துப் போன திருடன் அகப்பட்டான். அடிப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த மருந்தை நாத்தனார் தொடவில்லை. ‘கறுப்பு, வயிற்றடியில் மஞ்சள் பொடி. ஈயா தேனீயா தெரியவில்லை’ என்று எழுதி, போட்டோவும் எடுத்தாள்.

அதற்கு முன் ஒன்பது நாள் அங்கே ஒன்றும் இல்லை என்ற குறிப்போடு இருவரும் அதைக் கல்லூரியில் பூச்சிகளை ஆராயும் பேராசிரியைக்கு அனுப்பினார்கள். அது இலைவெட்டித் தேனீ என்று பதில் வந்தது. அது எந்த நாளில் அந்த ஓட்டையில் கூடு கட்டத் தொடங்கியது என்று சொல்லக்கூடியவை அந்த ஒன்பது வெற்று நாட்கள்தான் என்றும், அந்தப் பக்கங்களையும் அனுப்பும்படியும் அவர் கேட்டிருந்தார்.

நாத்தனார் அந்தப் பதிலை ஆஸ்பத்திரியில் காட்டாத ஆள் இல்லை. இப்போது தெருவில் எட்டு வீட்டில் எழுதுகிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களை அண்ணி தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. நேரே நாத்தனாரிடம் அனுப்பிவிடுகிறாள்.