முந்திக்கொண்ட சிரிப்பு

எங்கள் வீட்டில் யார் முதலில் சிரிப்பது என்பதற்கு ஒரு முறை இருந்தது. யாரும் உட்கார்ந்து வகுத்ததில்லை, தானாக அமைந்துவிட்டது. டி.வி.யில் காமெடி ஓடும்போது முதலில் பெரியம்மா சிரிப்பாள். அதற்கப்புறம் பெரியப்பா, அப்பா, அம்மா, நான் என்று வரிசையாகச் சிரிப்போம். நாங்கள் சிரித்து ஓய்ந்து அடுத்த வசனத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், சமையலறைக் கதவோரத்திலிருந்து சித்தியின் சிரிப்பு வரும்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும் எல்லோரும் டி.வி. முன்னால் கூடிவிடுவோம். காமெடியைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். பெரியப்பாவுக்கு யாராவது அடி வாங்கியாக வேண்டும். வெறும் பேச்சிலேயே காமெடி நடந்தால், "என்னடா இவன், பஞ்சாயத்து மீட்டிங்காட்டம் பேசிக்கிட்டே இருக்கறான்" என்று சலித்துக்கொள்வார். கறுப்பு வெள்ளையோடு சிரிப்பு முடிந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. அம்மா, பார்த்த காமெடியையே மறுபடி பார்த்து, வரப்போகிற வசனத்தை முன்கூட்டியே முணுமுணுத்து எங்கள் உயிரை வாங்குவாள். பெரியம்மா, "இதுல என்ன சிரிப்பு கெடக்குது?" என்று தினமும் கேட்பாள். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பவளும் அவள்தான். ரிமோட் எப்போதும் அவள் மடியில் இருக்கும்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. விளம்பரம் வந்தால் வாசலுக்கு ஓடுவேன், திரும்பி வந்தால் வேறு இடத்தில் உட்காருவேன். "ஒரு எடத்துல குந்துடி" என்று அம்மா அதட்டாத நாளில்லை. டி.வி.யைவிட அதைப் பார்ப்பவர்களின் முகங்களைப் பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்படித்தான் சித்தியின் பிந்திய சிரிப்பைக் கண்டுபிடித்தேன்.

சித்தி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண். தூரத்துச் சொந்தம். ஆவணியில் கல்யாணமாகி வந்தபோது கன்னடம் மட்டும்தான் பேசுவாள். சித்தப்பா முன்பு பெங்களூரில் வேலை பார்த்தவர், அதனால் அவர்களுக்குள் சிரமமில்லை. ஆனால் அவர் இப்போது கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தார், பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் சித்தி மாட்டுக் கொட்டகையிலும் சமையலறையிலும் இருப்பாள். "சரிங்க", "ஆமாங்க" என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள்.

சிரிப்பு பிந்தினால் புத்தியும் பிந்தியது என்பது எங்கள் வீட்டு நியாயம். அதனால் சித்தியை வைத்துக்கொண்டே சித்தியைப் பற்றி எதையும் பேசலாம் என்றாகிவிட்டது. தீபாவளிக்கு அவள் அப்பா கொண்டுவந்து கொடுத்த சேலையைப் பெரியம்மா அவள் எதிரிலேயே விரித்துப் பிடித்து, "இதச் சோளக்கொல்ல பொம்மைக்குக் கட்டுனா அதுவே வெக்கப்படும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரித்தாள். சித்தியும், கொஞ்சம் பிந்தி, சிரித்தாள். பிறகு சேலையை வாங்கி மடிப்புக் கலையாமல் மடித்து எடுத்துப்போனாள்.

அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். காமெடி ஓடும்போது கதவோரத்தில் போய் அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். முழங்கையால் இடித்து, "ஏனு?" என்று கேட்பாள். என்னவாம் என்று அர்த்தம். நான் கையையும் காலையும் ஆட்டி விளக்குவேன். ஒரு சிரிப்பை விளக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி விளக்கும்போதே இதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனால் சித்தி என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பாள். முடித்ததும் சிரிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கே யோசனை சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கல் கழிந்ததும் வீட்டில் ஒரு புழுக்கம் தொடங்கியது. கோயமுத்தூரில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், சித்தியைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகவும் சித்தப்பா போனில் சொல்லிவிட்டார். பெரியம்மா பிடி கொடுக்கவில்லை. பால் கறக்க, தீவனம் வெட்ட, சாணி வழிக்க சித்தி வந்தபிறகுதான் அவளுக்கு இடுப்பு நிமிர்ந்திருந்தது. அதைச் சொல்ல முடியாதல்லவா? அதனால், "பாஷ தெரியாத புள்ள, அந்த ஊர்ல தனியா என்ன பண்ணுவா? தமிழ் வரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். தாயில்லாத சித்தப்பாவைச் சோறூட்டி வளர்த்தவள் அவள். அண்ணி சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா வந்திருந்தார். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். அவருடைய கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணி, அந்த வூட்டுக்காரருக்கு நாளைக்கு பதில் சொல்லோணுங்க. இல்லைன்னா வேற ஆளுக்கு வுட்டுருவாரு."

பெரியம்மா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் சொன்னனே சாமி. ரேசன் கடைக்குப் போனாக்கூட வாயத் தொறக்கத் தெரியாது. காமெடி பாத்தாலே நாம சிரிச்சு முடிச்சப்பறம்தான் சிரிக்கறா. அவளக் கொண்டுபோய் டவுன்ல வுட்டா வழி தப்பிப் போயிருவா."

வீடு வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிடப் போகிறார் என்பது அவர் தலை குனிந்ததிலேயே எனக்குத் தெரிந்தது.

டி.வி.யில் ஒரு புதுத் தொடர், அதுவரை நாங்கள் யாரும் பார்த்திராதது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவனிடம் வீட்டுக்கார அம்மாள் மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, சொந்தக்காரர்கள் வரக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, குழம்பு தாளிக்கக் கூடாது, ராத்திரியில் தும்மக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவன் பணிவாகக் கேட்டான். "அம்மா, உள்ள குடிவந்தப்பறம் உசுரோட இருக்கலாமுங்களா, இல்ல அதையும் வெளியிலயே வெச்சுட்டு வரணுமா?"

யாரும் விழவில்லை. யாரும் அறை வாங்கவில்லை. பெரியம்மாவின் தோள் இன்னும் குலுங்க ஆரம்பிக்கவில்லை. அதற்குள் கதவோரத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. தனிச் சிரிப்பு. சித்தி வாயை மூடக்கூட இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். "சித்தி முந்திக்கிட்டாங்க! பெரியம்மாவுக்கு முன்னாடியே சிரிச்சிட்டாங்க! சித்திக்கு தமிழ் வந்துருச்சு!" என்று கத்தினேன். என் மாணவி பாஸாகிவிட்டாள் என்ற சந்தோஷம் எனக்கு.

யாரும் கைதட்டவில்லை. பெரியம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, "எப்பருந்து புரியுது?" என்று கேட்டாள்.

சித்தி எழுந்து நின்றாள். "தீபாவளிக்கு முன்னாடியிருந்தேங்க அக்கா" என்றாள். எங்கள் ஊர்த் தமிழ், பிசகில்லாமல்.

தவறி வந்த சிரிப்பா, வேண்டுமென்றே சிரித்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று முழுக்க வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வேலை ஒன்றும் இல்லாத கொட்டகைக்குப் பெரியம்மா போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். அம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அப்பாவும் பெரியப்பாவும் கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாரைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் ஒருத்திதான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதைப் பாராட்டக்கூட ஆளில்லை.

இருட்டுவதற்குள் பெரியம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டு, "பதில் சொல்லிரு சாமி" என்றாள். அடுத்த வாரம் முழுக்கத் துவரம்பருப்பு, ராகி மாவு, புளி என்று மூட்டை கட்டினாள். தன் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குண்டானையும் எடுத்துக் கொடுத்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்து மட்டும் பேசவில்லை.

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப அப்பாவோடு நானும் போனேன். சித்தி அந்தத் தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம். தீபாவளிக்கு முன்னாலிருந்தே புரியுமென்றால், பொங்கல் வரைக்கும் நான் தொண்டை வற்ற விளக்கியதெல்லாம் எதற்கு? ரயில் வரும் சத்தம் கேட்டதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எல்லாந்தான் புரிஞ்சுதே, அப்பறம் ஏன் தெனமும் என்னைக் கேட்டீங்க?"

சித்தி என் கன்னத்தைப் பிடித்தாள். "நீ ஒருத்திதானே எங்கிட்ட பேசுன" என்றாள். ரயில் ஏறிப் போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். விடிந்தால் அடைந்தால் பேச்சாகவே கிடக்கிற வீடு எங்கள் வீடு. அதில் ஒருத்திதான் பேசினாள் என்றால் எப்படி? சித்திக்குத் தமிழ் இன்னும் சரியாக வரவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.